ஏழாம் லைனுக்குப் பின்னால் ஒரு கதவு

அதையேதான் நானும் சொல்கிறேன். கதவைத் திறக்கச் சொன்னதில் தப்பே இல்லை. எல்லோரும் என்னை ஒரு வாரம் முறைத்ததற்குக் காரணம் கதவு இல்லை, அபாய மணி. அந்த மணியை அடிக்கச் சொன்னது நான்தான் என்று எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. எப்படியோ என்ன எப்படியோ, நானே நாலு பேரிடம் சொல்லியிருந்தேன். ஃபேக்டரியில் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

சரி, வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் சட்டை தைக்கிறவர்கள். ஒரே பெரிய கூடம், ஏழு லைன், இருநூற்றுப் பத்துப் பேர். முன்வாசல் பக்கம் முதல் லைன், அங்கே பாக்கெட். அப்படியே பின்னால் போகப் போக கை, முதுகு, பட்டன் பட்டி என்று ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வேலை. கடைசி ஏழாம் லைனில் காலர். எனக்கு நடுவில், நாலாம் லைன் முடிகிற இடத்தில் ஒரு மேஜை. தைத்து வருவதைப் புரட்டிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, கோணல் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பும்போது நாலு வார்த்தை சேர்த்து அனுப்புவேன். அது சம்பளத்தில் சேராத வேலை.

ஏழாம் லைனின் கடைசி மெஷினில் உட்கார்ந்திருப்பவள் என் அக்கா. அவள் தைத்த காலரை எடுத்து இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்துப் பாருங்கள், ஒரு நூல் அளவுகூட வித்தியாசம் தெரியாது. இத்தனை வருடத்தில் அவளுடைய காலர் ஒன்றைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை. தங்கை என்பதால் இல்லை, திருப்பி அனுப்ப ஒரு காரணம் கிடைக்காதா என்று நானே தேடியிருக்கிறேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் கொஞ்சம் குட்டை. அந்தக் காலுக்கு மட்டும் கனமான அடி வைத்த செருப்பு. அவள் நடந்து வந்தால் டக், சர், டக், சர் என்று கேட்கும். அவசரம் என்ற வார்த்தைக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அவள் மெஷினுக்குப் பின்னால், ஆறு எட்டு வைத்தால் ஒரு இரும்புக் கதவு. மேலே 'அவசர வழி' என்று பலகை, பலகைக்குள் விளக்கு, விளக்கு எந்நேரமும் எரியும். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. சாவி, ஸ்டோர் பார்க்கிற அண்ணனின் இடுப்பில். அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கதவு வழியாக இரண்டு துணி ரோல் காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. சாவிக்கொத்து அண்ணன் மூன்று மாதம் விளக்கக் கடிதமாக எழுதித் தள்ளினார். அன்றைக்கு விழுந்த பூட்டு அது.

இன்னொரு விஷயமும் தெரிந்தால்தான் உங்களுக்குப் புரியும். முன்வாசலில் கார்டு பஞ்ச் பண்ணுகிற மெஷின் இருக்கிறது. உள்ளே வரும்போது ஒரு பஞ்ச், வெளியே போகும்போது ஒரு பஞ்ச். பஞ்ச் பண்ணாமல் வாசற்படியைத் தாண்டினால் அன்றைக்கு அரை நாள் ஆப்சென்ட். சரக்கு அவசரமாகப் போக வேண்டும் என்று நெருக்கிய ஒரு சீசனில் வந்த சட்டம், பிறகு போகவே இல்லை. அது எங்கள் எலும்புக்குள் இறங்கிவிட்டது. நானெல்லாம் வீட்டிலிருந்து கடைக்குப் போகும்போதுகூட நிலைப்படியில் கழுத்தைத் தடவியிருக்கிறேன், கார்டு தொங்குகிறதா என்று.

இப்படி இருக்கும்போதுதான் எங்களிடம் சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு கூட்டில் சேர்ந்தது. அவர்களைப் போலவே நிறைய கம்பெனிகள் அதில் இருக்கின்றனவாம். எந்த நாட்டில் தைத்தாலும் தைக்கிறவர்களுக்கு ஒரே மாதிரி உரிமை இருக்க வேண்டும், அதற்கு வாங்குகிறவர், தைக்க வைக்கிறவர், தைக்கிறவர் மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு. சட்டம் இல்லை, கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் சேரலாம். முதலாளி சேர்ந்தார். நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினார்கள். 'விருப்பமுள்ள தொழிலாளர்கள் குழுவில் இடம்பெறலாம். லைனுக்கு ஒருவர் கட்டாயம்.'

எங்கள் லைனில் ஒருவருக்கும் விருப்பம் இல்லை. எனவே கட்டாயம் என் தலையில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஏக சந்தோஷம். பேசுவதற்கென்றே ஒரு பதவி இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

முதல் ஆடிட்டுக்கு வந்தவர் வாங்குகிற கம்பெனியின் ஆள், நாங்கள் மேடம் என்போம். நரைத்த குட்டை முடி, தோளில் ஒரு பெரிய பை, கழுத்தில் ஸ்டாப் வாட்ச். அவரை வரவேற்று அழைத்துப் போனவர் எங்கள் ஆபீசில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிற சார். நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாவற்றையும் ஒரே சிரிப்போடு சொல்வதால் சிரிப்பு சார்.

அன்றைக்குத் தீ ஒத்திகை. காலையிலேயே கரும்பலகையில் எழுதியாயிற்று, பதினோரு மணிக்கு டிரில், இன்று பஞ்ச் தேவையில்லை. பத்து ஐம்பதுக்குச் சாவிக்கொத்து அண்ணன் வந்து பின்கதவின் பூட்டைக் கழற்றினார். அதற்கும் ஐந்து நிமிடம் முன்னால் சிரிப்பு சார் அக்காவைக் கூப்பிட்டு, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருக்கிற சிமெண்ட் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். கையில் டீ வேறு கொடுத்திருக்கிறார். மணி அடித்தது. எல்லோரும் ஆற்று நீர் மாதிரி வழிந்து வெளியே வந்தோம். இரண்டு நிமிடம் நாற்பது செகண்ட். சிரிப்பு சார் கை தட்டினார், நாங்களும் தட்டினோம். பட்டியலில் முதலில் வெளியே வந்தவர் என்று அக்கா பெயருக்கு நேரே டிக்.

எனக்கு அந்த டிக்கைப் பார்த்ததும் உள்ளே ஏதோ குடைந்தது. நிஜமாகவே ஒரு நாள் தீப்பிடித்தால் பத்து ஐம்பதுக்குச் சொல்லிவிட்டா பிடிக்கும்? அக்காவிடம் கேட்டால் அவள் காலரைத் திருப்பிக்கொண்டே, உனக்கு என்னடி, எனக்கு ஒரு டீ லாபம் என்றாள்.

மதியம் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரையும் மேடம் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே சிரிப்பு சார் ஒரு வகுப்பு எடுத்திருந்தார். குறை ஏதாவது உண்டா என்று கேட்டால், இல்லை, எல்லாம் திருப்தி. இது என் முறை வரும்வரை நன்றாகவே மனப்பாடம் ஆகியிருந்தது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், இன்னைக்கு டிரில் எங்களுக்கு மட்டும் இல்ல, கதவுக்கும் முன்னாடியே தெரியும். ஒரு நாள் யாருக்கும் சொல்லாம வந்து அடிச்சுப் பாருங்களேன்."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அடிச்சா என்ன ஆகும்?"

"அதான் எனக்கும் தெரியல மேடம். தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு."

அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மூன்றரை மணி. நான் ஒரு சட்டையின் பட்டன் பட்டியில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன். மணி அடித்தது. கரும்பலகையைப் பார்த்தேன், ஒன்றும் எழுதவில்லை. அக்கம்பக்கம் பார்த்தேன். எல்லோரும் எழுந்து கிளம்பினார்கள், நானும் கிளம்பினேன். ஓட்டம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, அவ்வளவு ஒழுங்கு. நேராக முன்வாசலுக்குப் போனோம்.

போய், கார்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பஞ்ச் மெஷின் முன்னால் வரிசையில் நின்றோம்.

இருநூற்றுச் சொச்சம் பேர். மணி காதைப் பிளக்கிறது, ஒவ்வொருவராகக் கார்டை நுழைக்கிறார்கள், மெஷின் பீப் என்கிறது, அடுத்தவர் நகர்கிறார். ஒருத்திக்குக் கார்டு சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவை நுழைத்தாள், பின்னால் இருந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் எத்தனாவது ஆள் என்று கேட்கிறீர்களா? பதினேழாவது. அந்த மணியை அடிக்கச் சொன்ன மகராசி, கார்டைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பதினேழாவதாக நிற்கிறேன். நிமிர்ந்தால் வாசலுக்கு வெளியே முதலாளி, சிரிப்பு சார், மேடம். மேடம் ஸ்டாப் வாட்சைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கார்டைப் பார்த்த பிறகுதான், தீ மணிக்குப் பஞ்ச் பண்ண நிற்கிறோம் என்று எனக்கு உறைத்தது. பதினோரு நிமிடத்தில் அவரே மணியை நிறுத்தச் சொன்னார். அப்போதும் வரிசையில் பாதிப் பேர் உள்ளே.

அதோடு விட்டாரா. கூடத்துக்குள் நடந்தார், நாங்கள் பின்னாலேயே போனோம். ஏழாம் லைனின் கடைசியில் ஒரு மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் 'அவசர வழி' ஜொலிக்கிறது, கீழே பூட்டு தொங்குகிறது.

ஏன் வெளியே வரவில்லை என்று மேடம் கேட்டார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு மரியாதையாக எழுந்து நின்றாள்.

"எல்லாரும் பஞ்ச் பண்ணி முடிக்கட்டும்னு இருந்தேம்மா. நான் நடுவுல போனா வரிசை மெதுவாயிடும்."

சிரிப்பு சார் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து ஃபேக்டரியில் ஒரே பேச்சு. ஆர்டர் போய்விடும், லைனை மூடிவிடுவார்கள், எல்லாம் ரேடியோ செய்த வேலை. என் மேஜைக்குச் சட்டை கொண்டு வருகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். மறுநாள் சிரிப்பு சார் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். சிரிப்பு திரும்பி வந்திருந்தது. உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம், அடுத்த வாரம் மேடத்தோடு நடக்கிற கூட்டம் முடிந்ததும் உங்களை முன்வாசல் பக்கத்தில் பேக்கிங்குக்கு மாற்றிவிடுகிறோம், உட்கார்ந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்றாராம்.

பன்னிரண்டு வருடம் காலர் தைத்தவளை ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அக்கா செலவில் வைத்துவிட்டேன்.

நான் இருப்பது அக்கா வீட்டில்தான். இரண்டு அறை, ஒரு ஜன்னல். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், டவுன் பஸ் ஓட்டுகிறார். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா எனக்குத் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ரேடியோவும் ஓடவில்லை, மெஷினும் ஓடவில்லை, கரண்ட் போய்விட்டதா என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அக்காதான் பேசினாள்.

"எனக்காகப் பேசறதா இருந்தா என்னைக் கேட்டுட்டுப் பேசணும்டி. என் கால் எனக்குக் கூச்சமில்ல. ஆனா அத ஒரு காகிதத்துல எழுதி, அதுக்கு ஒரு இடமும் பாத்து வச்சிட்டாங்க பாரு. அந்த மெஷின விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல."

 தப்பு என்னுடையதுதான் என்றேன். பிறகு சும்மா இருக்க முடியாமல், பூட்டைப் பற்றி, ரோல் காணாமல் போனதைப் பற்றி, சாவிக்கொத்து அண்ணனின் கடிதங்களைப் பற்றி மாமாவிடம் முழுக் கதையும் சொன்னேன். மாமா கை கழுவப் போனவர் அப்படியே நின்றார்.

"என் பஸ்ல அவசரக் கதவுக்குப் பூட்டு போட்டா, என்னையில்ல உள்ள தள்ளிப் பூட்டுவாங்க."

அப்போ பஸ்ஸில் கதவை யாராவது சும்மா திறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். திறக்கட்டுமே, உள்ளே ஒரு கம்பி இருக்கிறது, தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது, திறந்த நொடியில் என் சீட்டுக்கு மேலே கீ கீ என்று அலறும், அந்த அலறலைத் தாண்டி ஒருவனும் டிக்கெட் வாங்காமல் இறங்கியதில்லை என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இப்ப என்னைக் கேட்டுட்டுப் பேசு" என்றாள்.

கேட்டேன். நெடுநேரம் கேட்டேன்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை முதலாளி அறையில். ஒரு நீள மேஜை, சுவரில் நாங்கள் தைத்த சட்டைகள் கண்ணாடிக்குள். முதலாளி, சிரிப்பு சார், மேடம், சாவிக்கொத்து அண்ணன், குழுவிலிருந்து நான். மற்ற ஆறு பேருக்கும் அன்று பார்த்து விருப்பம் இல்லாமல் போயிருந்தது. மேஜைமேல் ஒரு பெரிய காகிதம், மூன்று கட்டம் போட்டது. முதலாளி, வாங்கும் கம்பெனி, தொழிலாளர்கள். அவரவர் என்ன செய்வோம் என்பதை அவரவர் கட்டத்தில் எழுத வேண்டும். மேடம் தெளிவாகச் சொன்னார், இதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் எழுதியதை எல்லோரும் பார்க்கும்படி முன்வாசலில் ஒட்டுவோம், எழுதிவிட்டுச் செய்யாமல் இருப்பது கஷ்டம்.

முதலாளி கட்டத்தில் சிரிப்பு சார் ஏற்கெனவே ஒரு வரி எழுதி வைத்திருந்தார். நடக்கச் சிரமப்படும் தொழிலாளர் முன்வாசல் அருகே மாற்றப்படுவார். தொழிலாளர்கள் கட்டம் காலி. வாங்கும் கம்பெனி கட்டத்தில், உரிய ஆதரவு தருவோம் என்று இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே சத்தம் கேட்டது. டக், சர். டக், சர். தூரத்திலிருந்து வருகிறது. அறையில் ஐந்து பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தோம். ஏழாம் லைனிலிருந்து இந்த அறைவரைக்கும் எத்தனை நேரம் ஆகும் என்று அன்றைக்கு முதலாளிக்கும் தெரிந்திருக்கும். ஸ்டாப் வாட்சே தேவைப்படவில்லை.

அக்கா உள்ளே வந்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது. முதலாளி நாற்காலியைக் காட்டினார், அவள் உட்காரவில்லை.

"எண்ணிப் பாத்துட்டேங்க. என் மெஷின்லேர்ந்து முன்வாசலுக்கு நூத்தி நாப்பத்திரண்டு எட்டு. பின்கதவுக்கு ஆறு. என்னை நகத்தாதீங்க. பூட்ட நகத்துங்க."

சொல்லிவிட்டு அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலாளி கன்னத்தைத் தடவிக்கொண்டே சாவிக்கொத்து அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. பூட்டு இல்லாவிட்டால் துணி போகும், துணி போனால் என் தலை போகும், அப்புறம் கடிதம் எழுத இவங்க வருவாங்களா என்று என்னைக் கை காட்டினார். நியாயமான பயம்தான், இல்லையா? நான் மாமாவின் பஸ் கதையைச் சொன்னேன். உள்ளிருந்து தள்ளுகிற கம்பி, வெளியிலிருந்து திறக்காத கதவு, திறந்தால் அலறுகிற மணி.

அந்த மணி எங்கே கேட்கும் என்றார் முதலாளி.

"ஸ்டோர்லங்க. அண்ணன் தலைக்கு நேர் மேல."

அண்ணன் யோசித்தார். இடுப்புச் சாவிகளைத் தடவினார். "அப்போ எவன் கதவத் தொட்டாலும் முதலாளிக்கு முன்னாடி எனக்குத் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு கதவுக்காக என்னைவிட அவர்தான் அதிகம் வாதாடினார்.

சிரிப்பு சார் எழுதிய வரியை முதலாளி தன் கையாலேயே அடித்தார். பின்கதவுக்குப் பூட்டு இருக்காது, தள்ளு கம்பியும் மணியும் வைப்போம் என்று எழுதினார். அபாய மணி அடித்தால் அன்றைக்கு யாருக்கும் பஞ்ச் கிடையாது, யாருக்கும் ஆப்சென்ட் கிடையாது என்று இரண்டாவது வரி. பேனாவை வைக்கப் போனவரை நான் நிறுத்தவில்லை. பக்கத்துக் கட்டத்தைக் காட்டி மேடத்திடம்தான் கேட்டேன்.

"உரிய ஆதரவுன்னு போட்டிருக்கீங்களே மேடம், அது எத்தனை கிலோ?"

சிரிப்பு சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மேடம் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். கதவுச் செலவில் பாதி எங்களுடையது. குறையை நீங்களே எடுத்துச் சொன்னால் அதற்காக ஆர்டரை நிறுத்த மாட்டோம், சரி செய்ய நேரம் தருவோம். சரக்கு அனுப்பும் தேதியைத் திடீரென்று முன்னால் இழுக்க மாட்டோம், மூன்று வாரம் முன்பே சொல்வோம். கடைசி வரியை எழுதும்போது அவர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி ஒரு பெருமூச்சு விட்டார். பஞ்ச் சட்டம் எந்த அவசரத்தில் பிறந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும் போலிருக்கிறது.

எங்கள் கட்டம்தான் பாக்கி. அக்காவைப் பார்த்தேன், அவள் தலையாட்டினாள். மணி அடித்தால் கார்டைத் தொட மாட்டோம் என்று எழுதினேன். மூன்று கட்டத்திலும் இதுதான் சுலபமான வரி என்று நினைத்தேன்.

அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கதவு பத்து நாளில் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் இன்னொரு வேலையும் செய்தார், அபாய மணி அடித்தால் பஞ்ச் மெஷின் தானாக அணைந்துவிடும். சொல்லாமல் ஒரு நாள் மணி அடித்தார்கள். நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அணைந்துபோன மெஷின் முன்னால் ஏழு பேர், உயிர் வரும் என்று கார்டோடு காத்திருக்கிறார்கள். முதலில் நின்றவர் சிரிப்பு சார். மணி அடித்தால் பஞ்ச் இல்லை என்ற காகிதத்தை முன்வாசலில் ஒட்டியவரும் அவர்தான். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் என்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்து போயிற்று என்று நினைக்கிறேன். அவரும் சிரித்தார், பழைய சிரிப்பு இல்லை, கொஞ்சம் அசடு வழிந்த நல்ல சிரிப்பு.

அதற்குப் பிறகு என் மேஜையிலிருந்தே பாடம் நடத்தினேன். திடீரென்று, மணி என்பேன். யார் கை கழுத்துக்குப் போகிறதோ அவர்கள் தைத்த சட்டையை இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பேன். ஒரு வாரத்தில் கைகள் அடங்கிவிட்டன.

சொல்லாமல் அடித்த மூன்றாவது மணி போன மாதம். மேடம் வந்திருப்பது எனக்குத் தெரியாது, சத்தியமாக இந்தத் தடவை எனக்கே தெரியாது. மணி அடித்தது. பின்னால் அக்கா மெஷினை நிறுத்தினாள், எழுந்தாள், ஆறு எட்டு. டக், சர், டக், சர், டக், சர். கம்பியை இடுப்பால் ஒரு தள்ளு. கதவு திறந்த வேகத்தில் ஸ்டோரில் மணி அலற, சாவிக்கொத்து அண்ணன் எவன்டா அது என்று அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்திருக்கிறார். எதிரே சிமெண்ட் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஏழாம் லைனும் ஆறாம் லைனும் வந்துகொண்டிருக்கின்றன.

இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து செகண்ட். பழையதைவிடப் பதினைந்து செகண்ட் கூடிவிட்டதே என்று சிரிப்பு சார் வருத்தப்பட்டார். மேடம் பட்டியலில் முதலில் வந்தவர் என்று அக்கா பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டு, பழைய நேரத்தை நான் எழுதவே இல்லை சார் என்றார். அக்கா மட்டும், இந்த முறை டீ இல்லையா என்று கேட்டாள். முதலாளியே போய் வாங்கி வந்தார்.

இப்போது அக்கா அதே மெஷினில்தான் இருக்கிறாள். காலர் முனையில் குறை கண்டுபிடிக்க நான் இன்னும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் பை தைக்கிற ஃபேக்டரியிலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் கதவை அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சாவிக்கொத்து அண்ணன்தான் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து விளக்கினார், கதவு அவர் மூளையில் உதித்த மாதிரி.

பழைய பூட்டு என் மேஜையில் இருக்கிறது. அதன் அடியில் புதுக் காகிதம், மூன்று கட்டம், மூன்றும் காலி. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான், முடிந்ததும் விருப்பம் இருந்தால் மறுபடி எழுதலாம். முதலாளி எழுதுவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் இந்தத் தடவை முதல் கட்டம் எங்களுடையது, நாங்கள் எழுதிய பிறகுதான் மற்றவர்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதுகு சாய்கிற நாற்காலி, ஒவ்வொரு லைனிலும் குடிதண்ணீர், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு அறை. சாவிக்கொத்து அண்ணனுக்கு ஸ்டோரில் ஒரு ஃபேன். அக்காவைக் கேட்டேன், இந்தத் தடவை முதல் ஆளாக அவளைத்தான் கேட்டேன். இருநூற்றுப் பத்துப் பேரையும் கேட்டுட்டு வாடி, அப்புறம் சொல்றேன் என்கிறாள். நூற்று அறுபது பேரைக் கேட்டாயிற்று. திங்கட்கிழமைக்குள் எழுதியாக வேண்டும், பேனா மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள், உங்கள் கையில் இந்தக் காகிதம் இருந்தால் முதல் வரியில் என்ன எழுதுவீர்கள்?